ஆறாத எஞ்சின்

தெருத் தெருவாகப் போய்த் தண்ணீர் மீட்டரில் ஓடியிருக்கும் எண்ணைக் குறித்து வருவது அவருடைய உத்தியோகம். அதனால் வீட்டில் உள்ளவர்களைத் தவிர மற்ற எல்லோருக்கும் அவர் மீட்டர்காரர். அப்படிப்பட்ட மீட்டர்காரருக்கு ஒரு கார் தேவைப்பட்டது.

ஆசைக்காக அல்ல. அவர் மனைவியின் சிறுநீரகங்கள் இரண்டும் வேலையை விட்டு ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. வாரத்தில் மூன்று நாள் பக்கத்து ஊர் மருத்துவமனைக்குப் போய், இயந்திரத்தோடு இணைத்து, ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு வர வேண்டும். அவளுக்குக் கிடைத்திருந்தது விடிந்தும் விடியாத நேரத்துப் படுக்கை. முதல் பஸ் அதற்குள் போய்ச் சேராது. நேரத்துக்குப் போகாவிட்டால் அந்தப் படுக்கை காத்திருப்பவர்களில் ஒருவருக்குப் போய்விடும். பிறகு இவள் காத்திருக்க வேண்டும். காத்திருக்கும் உடம்பு அல்ல அது. இதுவரை கூட்டிப்போய் வந்த ஆட்டோக்காரர், மகன் வீட்டோடு போகப்போவதாகவும் மாதக் கடைசிவரைதான் வர முடியும் என்றும் சொல்லிவிட்டார்.

ஆகவே காரிடம் மீட்டர்காரர் எதிர்பார்த்தது ஒன்றே ஒன்று. அதிகாலைக் குளிரில் சாவியைத் திருப்பினால் கிளம்ப வேண்டும். நிறம் எதுவானாலும் சரி, பாட்டுப் பெட்டி இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி.

அவர் எதற்கும் 'சரி' சொல்கிறவராக ஆகியிருந்தார். மருத்துவமனை நாற்காலியில் உட்கார்ந்து உட்கார்ந்து எதுவும் அவருக்கு உறைப்பதில்லை. ஆறிப்போன காப்பியைக் கொடுத்தாலும் குடிப்பார். கூட்டத்தில் யாராவது காலை மிதித்தால், மிதித்தவர் வாயைத் திறப்பதற்கு முன்பே 'பரவாயில்லை' என்பார்.

இதெல்லாம் தெரிந்துதான் அவர் மனைவியின் தம்பி, தொலைதூர பஸ் ஓட்டுகிறவன், ஒரு நாள் லீவு போட்டுவிட்டு வந்தான்.

"மாமா, நீங்க தனியாப் போனா நாலு சக்கரம் இருக்கான்னுகூடக் கேக்காம வாங்கிட்டு வந்துருவீங்க. நானும் வர்றேன்."

"வா, மச்சான்."

"டீசல் வண்டிக்கு ஒரே பரீட்சைதான். எஞ்சின் ஜில்லுன்னு இருக்கும்போது ஸ்டார்ட் பண்ணிப் பாக்கணும். சூடா இருந்தா எந்த ஓட்டை வண்டியும் ராஜா மாதிரி கிளம்பிடும். போனதும் முதல்ல பானெட்டத் தொடுங்க. சூடா இருந்துச்சா, திரும்பிப் பாக்காம வந்துருவோம்."

பழைய வண்டிகளைத் தனியார் விற்கக் கூடாது என்று சட்டம் வந்த பிறகு, அந்த ஊரில் கார் வாங்க ஒரே இடம்தான் இருந்தது. பயன்படுத்திய வாகனங்கள் மறுமதிப்பு வாரியம். அலுவலகம் திறக்கும் முன்பே இரண்டு பேரும் போய் நின்றார்கள். வரிசை வரிசையாகக் கார்கள். ஒன்றிலும் ஆள் இல்லை, ஆனால் எல்லாம் ஓடிக்கொண்டிருந்தன. வளாகம் முழுக்க ஒரே உறுமல். அதற்கு நடுவே காக்கிச் சட்டைக்காரர் ஒருவர், ஆஸ்பத்திரி வார்டில் சுற்றி வரும் நர்ஸ் மாதிரி ஒவ்வொரு பானெட்டிலும் புறங்கையை வைத்துப் பார்த்துக்கொண்டு வந்தார். சட்டைப் பையில் 'வெப்பப் பராமரிப்பாளர்' என்று தைத்திருந்தது.

இவர்களுக்கு ஒதுக்கியிருந்தது சாம்பல் நிறத்தில் ஒரு சின்ன டீசல் கார், பின்கதவு மேல்நோக்கித் திறக்கிற ரகம். மச்சான் பானெட்டைத் தொட்டான். தொட்ட வேகத்தில் கையை உதறினான்.

"அடுப்பு மாதிரி இருக்கு! ஏங்க, இத அணைங்க. ஆறட்டும். நாங்க மத்தியானமா வந்து ஸ்டார்ட் பண்ணிப் பாக்கறோம்."

வெப்பப் பராமரிப்பாளர் அவனை ஏதோ கெட்ட வார்த்தை சொன்னவனைப் போலப் பார்த்தார்.

"அணைக்கிறதா? வண்டி வரவேற்பு நிலையில இருக்கு சார். வாங்க வர்றவங்ககிட்ட ஜில்லுன்னு இருக்கிற வண்டியக் காட்டறது மரியாதையா? விருந்தாளி வந்தா நீங்க தூங்கி எழுந்த மூஞ்சியோடயா கதவத் திறப்பீங்க?"

"நான் வாங்கப்போறது அந்த மூஞ்சியத்தானே?"

"அதெல்லாம் துணை இயக்குநர்கிட்ட பேசிக்குங்க."

துணை இயக்குநர் மிக இனிமையானவர். மேசைமேல் கண்ணாடிக் கூண்டுக்குள் ஒரு பொம்மைக் கார் வைத்திருந்தார். இருவரையும் உட்காரச் சொல்லி, தண்ணீர் கொடுக்கச் சொல்லி, மச்சான் சொன்னது முழுவதையும் குறுக்கே பேசாமல் கேட்டார். கேட்டு முடித்ததும் சிரித்தார்.

"நாங்களும் முதல்ல உங்கள மாதிரிதான் சார். வண்டியத்தான் சோதிச்சிட்டிருந்தோம். டயர், பிரேக், எஞ்சின், என்னென்னமோ. ஆனாலும் புகார் வந்துட்டே இருந்துச்சு. அப்புறம் ஒரு குழு போட்டோம். குழு எல்லாப் புகாரையும் படிச்சுது. படிச்சுட்டு என்ன கண்டுபிடிச்சுதுன்னு நினைக்கிறீங்க? ஒரு புகார்கூட வண்டிகிட்டேருந்து வரல. அத்தனையும் வாங்கினவங்ககிட்டேருந்துதான் வந்திருக்கு! அப்போ கோளாறு எந்தப் பக்கம்?"

மச்சான் மாமாவின் முழங்கையை இடித்தான்.

"அன்னியோட வண்டியச் சோதிக்கிறத நிறுத்திட்டோம். இப்ப வாங்குறவரத்தான் சோதிக்கிறோம். புகார் பாதியாக் குறைஞ்சிருக்கு. உலகத்துலயே நாங்கதான் முதல்ல."

"மாமா, எழுந்திரிங்க. போலாம்," என்றான் மச்சான்.

அன்றுதான் மாதக் கடைசி; மறுநாளிலிருந்து ஆட்டோ கிடையாது. மீட்டர்காரர் எழுந்திருக்கவில்லை. "சரிங்க சார்," என்றார். "என்ன சோதனைன்னு சொல்லுங்க."

முதலில் வளாகத்தைச் சுற்றி ஓட்டச் சொன்னார்கள். துணை இயக்குநர் பின்சீட்டில் ஏறிக்கொண்டார். கார் நகர்ந்ததும் முன்பக்கம் இடது சக்கரத்தடியில் 'கடக் கடக்' என்று ஏதோ அடித்துக்கொண்டது. பள்ளத்தில் இறங்கியபோது அதற்குத் துணையாக இன்னொரு சத்தமும் சேர்ந்தது.

"சஸ்பென்ஷன் போயிருக்கு," என்றான் மச்சான். "கேக்குதா சார்?"

"எனக்கு எதுவும் கேக்கலயே. இந்த வண்டிக்கு 'அமைதி' சான்று குடுத்திருக்கோம். சான்று இருக்கிற வண்டியில சத்தம் வராது. அப்படின்னா அந்தச் சத்தம் எங்க இருக்கு?" என்று கேட்டு, துணை இயக்குநர் தன் காதைத் தொட்டுக் காட்டினார். "பயப்படாதீங்க. நம்மகிட்டயே டாக்டர் இருக்காரு."

செவிச் சோதனை அறை குளிரூட்டப்பட்டது. காதில் பெரிய ஹெட்போனை மாட்டி, அதே காரின் அதே 'கடக் கடக்'கைப் போட்டார்கள். கேட்டால் கையைத் தூக்க வேண்டும். மச்சான் இரண்டு கையையும் தூக்கினான். போதாததற்கு எழுந்து நின்று, "பால் ஜாயின்ட்! பால் ஜாயின்ட்!" என்று கத்தினான். அவனை 'மிகையுணர்வாளர்' என்று வகைப்படுத்தி, சிவப்பு அட்டையைக் கழுத்தில் மாட்டி, வாசலுக்கு வெளியே இருந்த தகரக் கொட்டகையில் உட்காரவைத்துவிட்டார்கள். அங்கே ஏற்கெனவே இரண்டு மெக்கானிக்குகளும் ஒரு வயலின் ஆசிரியையும் உட்கார்ந்திருந்தார்கள். மனைவிக்குக் கார் வாங்க வந்து, சிவப்பு அட்டை வாங்கி, மனைவியையும் உள்ளே விட்டுவிட்டு வந்த ஒருவர் தலையைக் குனிந்துகொண்டிருந்தார்.

மீட்டர்காரருக்கும் சத்தம் கேட்டது. ஆனால் டயாலிசிஸ் இயந்திரத்தின் முனகலை ஒரு வருடமாகக் கேட்டுவந்தவருக்கு அது சத்தமாகப் படவில்லை. கையைத் தூக்கலாமா என்று அவர் யோசித்து முடிப்பதற்குள் ஒலி நின்றுவிட்டது. டாக்டர் மிகவும் மகிழ்ந்துபோய், அவர் முதுகைத் தட்டிக்கொடுத்தார்.

அடுத்தது பார்வை. காருக்குப் பின்னால் அவரை நிறுத்தி, ஆக்சிலேட்டரை அழுத்தினார்கள். குழாயிலிருந்து நீலமாக ஒன்று புறப்பட்டு அவர் முகத்தைக் கடந்து சுவரில் மோதியது.

"என்ன பாத்தீங்க?"

"புகைங்களா?"

"அந்த வார்த்தைய இங்க உபயோகிக்கிறதில்ல. வெளிமூச்சு. என்ன நிறம்?"

"நீங்களே சொல்லுங்க சார். எந்த நிறம்னாலும் சரி."

பார்வை டாக்டர் இத்தனை வருடச் சேவையில் இப்படியொரு பதிலைக் கேட்டதில்லை. பக்கத்து அறைக்காரரைக் கூப்பிட்டு, மறுபடியும் ஒருமுறை சொல்லச் சொன்னார்.

ஸ்டியரிங் இடப்பக்கம் இழுக்கிறதா என்று யாரும் கேட்கவில்லை. மீட்டர்காரர் இடப்பக்கம் சாய்கிறாரா என்று பார்த்தார்கள். நீளமான நடைபாதையில் ஒரு வெள்ளைக் கோடு போட்டிருந்தது. அதன்மேல் நடக்க வேண்டும். கட்டடமே இடப்பக்கம் கொஞ்சம் இறங்கியிருந்ததால், அந்தக் கோட்டில் நடப்பவர்கள் எல்லோரும் இடப்பக்கச் சுவரில் போய் உரசுவார்களாம். சுவரில் தோள் உயரத்துக்குப் பெயின்ட் உரிந்திருந்தது. மீட்டர்காரரும் உரசினார். ஆனால் அவர் நிற்கவில்லை, திரும்பிப் பார்க்கவில்லை, சுவரோடு சேர்ந்தே கடைசிவரை போய், கதவைத் திறந்துகொண்டு அந்தப் பக்கம் போய்விட்டார். 'இழுத்த பக்கம் போகும் மனப்பான்மை: மிக நன்று' என்று எழுதிக்கொண்டார்கள்.

மத்தியானத்துக்குள் செய்தி பரவிவிட்டது. கணக்குப் பிரிவிலிருந்தும் கேன்டீனிலிருந்தும் ஆட்கள் வந்து கண்ணாடி வழியாக அவரை எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். கடைசிச் சோதனையில் ஜன்னல்களை ஏற்றி, ஓடும் காருக்குள் அவரைத் தனியே உட்காரவைத்தார்கள். டீசல் நெடி கண்ணைக் கரித்தது. இருக்கை அதிர்ந்து பல் தடதடத்தது. ஒலிபெருக்கியில் கேள்வி வந்தது.

"நெடி?"

"பரவாயில்ல."

"அதிர்வு?"

"பரவாயில்ல."

"ஏதாவது சொல்லணும்னு தோணுதா?"

மீட்டர்காரர் நேர்மையாக யோசித்துப் பார்த்தார். எதுவும் தோன்றவில்லை.

சாயங்காலம் கூட்ட அறையில் ஊழியர்களை எல்லாம் உட்காரவைத்து, மீட்டர்காரருக்குத் 'தகுதி பெற்ற வாங்குநர், முதல் தரம்' என்ற பட்டயத்தைக் கொடுத்தார்கள். துணை இயக்குநர் ஒலிவாங்கியைத் தட்டிப் பார்த்துவிட்டுப் பேசினார்.

"நண்பர்களே! நம்ம வாரியத்தால ஒரு வண்டியச் சரி பண்ண முடியுமான்னு வெளியில சில பேர் கேக்கறாங்க. முடியாது. அத ஒத்துக்கறதுல எனக்கு வெட்கம் இல்ல. நம்மகிட்ட ஒரு ஸ்பேனர்கூடக் கிடையாது. இருந்ததையும் போன வருஷம் காட்சிப் பெட்டியில வெச்சுட்டோம். ஆனா ஒரு மனுஷனச் சரி பண்ண முடியும்! வண்டிக்குப் பொருத்தமா அவன மாத்த முடியும்! இதோ, ஐயாவப் பாருங்க. ஒரு கேள்வி கேக்கல. ஒரு முகச்சுளிப்பு இல்ல. இப்படி ஊருக்குப் பத்துப் பேர் இருந்தா, நாம வண்டியே இல்லாமக்கூட விக்கலாம்!"

கைதட்டல் ஓயவில்லை. "எப்படி சார் இவ்வளவு பக்குவம்?" என்று ஒலிவாங்கியை நீட்டினார்.

"பழகிடுச்சு," என்றார் மீட்டர்காரர். அதற்கும் தட்டினார்கள்.

எல்லாம் முடிந்து சாவியைக் கையில் வாங்கிய பிறகுதான் அவர் வாய் திறந்து ஒன்று கேட்டார். மச்சானுக்காகக் கேட்டார் என்றுகூடச் சொல்லலாம்.

"சார், ஒரு தடவ இத அணைச்சு, ஆறினதும் ஸ்டார்ட் பண்ணிப் பாக்கலாமா? விடியக்காலைல கிளம்பணும். வீட்ல ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகணும். வேற எதுவும் வேண்டாம்."

துணை இயக்குநர் வெப்பப் பராமரிப்பாளரைப் பார்த்தார். அவர் தரையைப் பார்த்தார்.

"காலைல நீங்கதானே ஸ்டார்ட் பண்றீங்க? கிளம்புமில்ல?"

"நான் வரும்போதே ஓடிட்டுதான் சார் இருக்கும். நான் சூடு குறையாமப் பாத்துக்கறதோட சரி."

"அப்போ ராத்திரி ஆளு?"

"அவரும் அதேதான் சொல்றாரு. அவரு வரும்போதும் ஓடிட்டுதான் இருக்குமாம். டீசல் மட்டும் ஊத்துவாராம்." வெப்பப் பராமரிப்பாளர் குரலைத் தாழ்த்தினார். "இங்க எந்த வண்டியையும் யாரும் அணைச்சதில்ல சார். அணைச்சா திரும்ப எழுந்திரிக்குமான்னு யாருக்கும் தெரியாது."

துணை இயக்குநர் முகம் மலர்ந்தது.

"அப்போ நல்லதாப் போச்சு! நீங்களும் அணைக்காதீங்க. அணைக்காத வரைக்கும் எங்க உத்தரவாதம் உண்டு."

வாசலில் மச்சான் சிவப்பு அட்டையைக் கழற்றி எறிந்துவிட்டுக் குதித்தான். "உங்களுக்கு மூளை கலங்கிடுச்சா மாமா? அணைக்கக் கூடாத வண்டிய எவனாவது வாங்குவானா?"

"நாளைக்குக் காலைல உங்கக்காவ யாரு கூட்டிட்டுப் போறது? நீயா?"

மச்சான் மறுநாள் விடியற்காலை பஸ்ஸை எடுக்க வேண்டும். அவன் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தான்.

வீட்டு வாசலில் கார் உறுமிக்கொண்டு நின்றது. மனைவி கதவைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்து பார்த்தாள்.

"நல்லாத்தான் இருக்கு. அணைச்சுட்டு உள்ள வாங்க, சாப்பிடலாம்."

"அணைக்கக் கூடாதாம்."

"எவ்வளவு நேரத்துக்கு?"

"அது தெரியல."

அவள் காரை ஒரு சுற்று பார்த்தாள். "சரிதான். எனக்கு ஒரு மெஷினு, உங்களுக்கு ஒரு மெஷினு. ரெண்டும் நிக்கக் கூடாது." அவள் சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை; சிரிக்க வேண்டிய இடம் அது என்று மட்டும் தெரிந்தது.

மறுநாள் விடிவதற்குள் மருத்துவமனைக்குப் போய்ச் சேர்ந்தார்கள். நேரத்துக்கு. அந்த வகையில் வாரியம் சொன்ன சொல்லைக் காப்பாற்றிவிட்டது. வண்டி நிறுத்தும் இடத்துக் காவலாளி மட்டும் சாவித் துவாரத்தைக் காட்டி, "ஓடற வண்டிய விட்டுட்டுப் போக முடியாது சார். ஒண்ணு அணைங்க, இல்ல நீங்க உள்ளயே இருங்க," என்றார்.

"நீங்க இருங்க," என்றாள் மனைவி. "படுக்கத்தானே போறேன். அதுக்கு எதுக்கு ரெண்டு பேரு?"

அந்த ஒரு வருடத்தில் அவள் தனியாக உள்ளே போனது அதுதான் முதல் தடவை. கைப்பிடிச் சுவரைப் பற்றிக்கொண்டு சாய்தளத்தில் ஏறினாள். நடுவில் ஒரு இடத்தில் நின்று மூச்சு வாங்கினாள். திரும்பிப் பார்க்கவில்லை. மீட்டர்காரர் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, பல் தடதடக்க, எங்கேயும் போகாமல் காருக்குள் உட்கார்ந்திருந்தார்.

வெயில் ஏறிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. டயாலிசிஸ் பிரிவு நர்ஸ்.

"சார், கூட வந்தவர்தானே? எங்க இருக்கீங்க? அவங்களுக்கு பிரஷர் திடீர்னு இறங்கிடுச்சு. மேல வாங்க."

மீட்டர்காரர் காவலாளியைப் பார்த்தார். காவலாளி 'முடியாது' என்று தலையை ஆட்டினார். மீட்டர்காரர் சாவியைத் திருப்பினார்.

கார் ஒரு குலுங்கு குலுங்கி அடங்கியது. எத்தனை காலமாக ஓடிக்கொண்டிருந்ததோ. அவர் கதவைக்கூடச் சாத்தாமல் ஓடினார்.

படுக்கையின் கால்பக்கத்தை உயர்த்தி வைத்திருந்தார்கள். அவள் உதடு வெளுத்திருந்தது. கண் திறந்திருந்தது. அவரைப் பார்த்ததும் முதலில் கேட்டது அதைத்தான்.

"வண்டி?"

"அணைச்சுட்டேன்."

"ஐயோ! திரும்பக் கிளம்புமா?"

"தெரியல."

"உங்களுக்கு என்ன பைத்தியமா? நான் எங்க ஓடிடப் போறேன்?"

அவர் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். கை நடுங்கியது, கம்பியும் சேர்ந்து நடுங்கியது. நிறுத்த முடியவில்லை.

"சரி, உக்காருங்க," என்றாள் அவள். "உக்காந்து நடுங்குங்க."

முடித்துக்கொண்டு கீழே வந்தபோது கார் முழுக்க ஆறியிருந்தது. அவளைப் பக்கத்தில் உட்காரவைத்துவிட்டு, அவர் சாவியைத் திருப்பினார். எஞ்சின் நெடுநேரம் இருமியது. அப்புறம் இருமலும் நின்று, வெறும் 'டிக்' மட்டும் மிச்சமிருந்தது. இன்னொரு 'டிக்'. பிறகு அதுவும் இல்லை.

யாரோ கண்ணாடியைத் தட்டினார்கள். கைப்பையைக் குறுக்காக மாட்டிய ஒரு அம்மாள், கணக்கு டீச்சர். தன் அண்ணனை அதே வேளை டயாலிசிஸுக்குக் கூட்டி வருகிறவர். மீட்டர்காரர் மேலே அவரைப் பல நாள் பார்த்திருக்கிறார், பேசியதில்லை.

"வாரியத்து வண்டியா?"

"ஆமாங்க."

"முகத்தப் பாத்தாலே தெரியுது. முதல் தரமோ?" அவர் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. வராந்தாப் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தார். "வாங்கப்பா, புது ஆளு ஒருத்தர் வந்திருக்காரு!"

நோயாளிகளோடு வந்தவர்கள் ஒவ்வொருவராக இறங்கி வந்தார்கள். டிபன் பாத்திரத்தைச் சுவரில் வைத்துவிட்டு, சட்டைக் கையை மடித்துக்கொண்டு, தினமும் செய்கிற வேலைக்கு வருவது போல வந்தார்கள். அங்கே நின்ற கார்களில் பாதிக்கு மேல் வாரியத்து ஒட்டுப்பட்டை இருப்பதை மீட்டர்காரர் அப்போதுதான் கவனித்தார். மேலேயிருந்து கூப்பிட்டால் எல்லோரும் அணைத்துவிட்டு ஓடுகிறவர்கள்தான்.

"ரெண்டாவது கியர்ல போடுங்க. கிளட்ச்ச மிதிச்சுக்குங்க. நான் 'விடு'ன்னதும் விடுங்க. முன்னாடியே விட்டீங்க, எங்க மூக்கு உடையும்," என்றார் டீச்சர்.

எல்லோரும் சேர்ந்து தள்ள, சரிவில் கார் மெல்ல உருண்டது. பிறகு வேகம் பிடித்தது. "விடு!" உடம்பு முழுக்க ஒரு உதறல் உதறி, வெடித்து, எஞ்சின் பிடித்துக்கொண்டது. பின்னால் நின்றவர்கள் புகைக்குள் காணாமல் போனார்கள்.

"யப்பா, நீலம்! ஆயில் குடிக்குது!" என்று புகைக்குள்ளிருந்து ஒரு குரல்.

"நல்லாவே குடிக்குது!" என்று இன்னொன்று.

வாசல்வரை வந்துவிட்டார்கள். அப்படியே போயிருந்தால் மத்தியானச் சாப்பாட்டுக்கு வீடு போய்ச் சேர்ந்திருக்கலாம்.

"நிறுத்துங்க," என்றாள் மனைவி.

"ஏன்? முடியலயா?"

"எனக்கு ஒண்ணுமில்ல. அந்த டீச்சர் வண்டிய யாரு தள்றது? அவங்கண்ணன் வெயில்ல நிக்கிறாரு பாருங்க."

மீட்டர்காரர் கண்ணாடியில் பார்த்தார். காரைச் சுவரோரம் நிறுத்தி, ஓடவிட்டபடியே இறங்கினார்.

"ஏம்மா, நீங்க உள்ளயே இருப்பீங்கல்ல?" என்று காவலாளி குனிந்து கேட்டார்.

"நான் பாத்துக்கறேன்," என்று அவள் ஓட்டுநர் இருக்கைக்கு நகர்ந்து உட்கார்ந்தாள். கையில் ஒட்டியிருந்த பஞ்சோடு ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டாள். அவளுக்கு ஓட்டத் தெரியாது. காவலாளி அதைக் கேட்கவில்லை.

டீச்சரின் கார் கனமானது. மீட்டர்காரர் மற்றவர்களோடு சேர்ந்து பின்கதவில் கையை ஊன்றினார். தோளில், நேற்று சுவரில் உரசிய இடம், சுரீரென்றது.

"ஸ்ஸ்... வலிக்குதுங்க," என்றார்.

"எல்லாருக்கும்தான் வலிக்குது," என்று டீச்சர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார். "தள்றீங்களா, இல்ல சாஞ்சு நிக்கிறீங்களா?"

மீட்டர்காரர் பல்லைக் கடித்துக்கொண்டு தள்ளினார்.